மேலதிகாரி வாய்மொழியாக "மறுத்துவிடு" என்றால் பொதுத் தகவல் அலுவலர் என்ன செய்யலாம்?

கேள்வி | கோப்புக்கட்டு

ஒரு ஒப்பந்தப்புள்ளி ரத்தான கோப்பின் குறிப்புப் பக்கங்களை (அதிகாரிகள் கோப்பில் எழுதிய கருத்துகளை) கேட்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு. இத்தகைய மனுக்களுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலர் கண்காணிப்பாளர் நிலையில் இருப்பவர். அலுவலகத் தலைவர் கூப்பிட்டு, "விசாரணை நிலுவைன்னு எழுதி முடிச்சிடுங்க" என்கிறார். மறுப்பை எதிர்த்து மனுதாரர் முதலில் முறையிட வேண்டிய முதல் மேல்முறையீட்டு அலுவலரும் அந்தத் தலைவரேதான். மறுத்தால் அபராதம் யார் தலையில் விழும்? கொடுத்தால் ஒழுங்கு நடவடிக்கை வருமா?

பதில் 1 | ந.க.எண்

அபராதம் கையெழுத்துப் போட்டவர் தலையில்தான். பிரிவு 20(1)-இன்படி நாளுக்கு 250 ரூபாய், உச்சம் 25,000. அதாவது பதில் தர வேண்டிய 30 நாள் கெடு முடிந்து 100 நாளில் உச்சத்தைத் தொட்டுவிடும். அது அலுவலகச் செலவில் போகாது, சொந்தச் சம்பளத்தில் போகும். இடமாறுதல் ஆனாலும் விடாது. இரண்டாம் மேல்முறையீட்டை விசாரிக்கும் தகவல் ஆணையம் கேட்கப்போவது அந்தத் தேதியில் யார் பொறுப்பில் இருந்தார் என்பதைத்தான்.

இங்கே பலர் சறுக்குவது குறிப்பின் கடைசி வரியில். "உத்தரவுக்குப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது" என்று எழுதிக் கோப்பை மேலே அனுப்புகிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு படியே கிடையாது. முடிவு எடுக்க வேண்டியவர் பொதுத் தகவல் அலுவலர். மேலே போன கோப்பு 25 நாள் கழித்துத் திரும்பினால் மிச்சம் 5 நாள்தான்.

அந்த வரியை மாற்றுங்கள். மனு வந்த இரண்டு மூன்று நாளுக்குள், ஆவணத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு எழுத்தில்: "பிரிவு 5(4)-இன் கீழ் உதவி கோரப்படுகிறது, இன்ன தேதிக்குள் குறிப்புப் பக்கங்கள் தேவை." பத்து நாள் கெடு போதும். அவர் தராவிட்டால் 5(5)-இன்படி விதிமீறலுக்கு அவரையே பொதுத் தகவல் அலுவலராகக் கருத வேண்டும். ஆணையத்தின் விசாரணையில் உங்களைக் காப்பாற்றுவது இந்த ஒற்றைத் தாளும் அதைப் பெற்றுக்கொண்ட கையெழுத்தும்தான்.

பதில் 2 | இரண்டாம்முறையீடு

மேலே சொன்னதில் ஒரு எச்சரிக்கை. 5(4) கடிதத்தை மேல்முறையீட்டு அலுவலருக்கே அனுப்பாதீர்கள். நாளை அந்த மனுவில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அவர். இன்று உதவி செய்தவராகவும் நாளை நடுவராகவும் அவரை ஆக்கினால் இருவருக்குமே சிக்கல். பிரிவு உதவியாளர், பதிவறைக் காப்பாளர் என்று ஆவணம் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு அனுப்புங்கள். கோப்பு நேரடியாக மேல்முறையீட்டு அலுவலர் மேசையில் இருந்தால் மட்டும் வேறு வழியில்லை.

இனி "விசாரணை நிலுவை". பிரிவு 8(1)(h) விசாரணை நடக்கிறது என்பதற்காக மட்டும் மறுக்க விடுவதில்லை. தகவல் தந்தால் விசாரணை எப்படித் தடைபடும் என்று காட்ட வேண்டும். 2007-இலேயே டெல்லி உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 19(5)-இன்படி மறுப்பு சரியென்று நிரூபிக்கும் சுமையும் மறுத்தவருக்கே. "மேலிடத்துச் சொல்" என்று ஒரு விலக்கு, எதை மறுக்கலாம் என்று சொல்லும் பிரிவு 8-இலும் இல்லை, 9-இலும் இல்லை.

குறிப்பில் ஒப்பந்ததாரர் ரகசியமாகத் தந்த வணிக விவரம் இருந்தால் முழுப் பக்கத்தையும் பிடித்து வைக்க வேண்டாம். பிரிவு 11-இன் கீழ் 5 நாளுக்குள் அவருக்கு அறிவிப்பு, பதில் சொல்ல அவருக்கு 10 நாள், மனு வந்ததிலிருந்து 40 நாளுக்குள் முடிவு. அவர் ஆட்சேபித்தாலே மறுக்க வேண்டும் என்பதில்லை. தர முடியாத வரிகளை மட்டும் மறைத்து மீதியைப் பிரிவு 10-இல் தரலாம்.

பதில் 3 | விதி3

ஒழுங்கு நடவடிக்கை பயத்துக்கு: நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்குப் பிரிவு 21 பாதுகாப்பு தருகிறது. அலுவல் ரகசியச் சட்டம் உள்பட முரண்படும் சட்டங்களுக்கு மேலாக இந்தச் சட்டம் நிற்கும் என்கிறது பிரிவு 22.

மத்திய அரசு ஊழியர் என்றால் 1964 நடத்தை விதிகளில் விதி 3 கைகொடுக்கும். மேலதிகாரியின் உத்தரவு சாதாரணமாக எழுத்தில்தான் இருக்க வேண்டும். வாய்மொழி என்றால் பெற்றவர் எழுத்தில் உறுதி கேட்க வேண்டும், மேலவர் தர வேண்டும். "இன்று தாங்கள் கூறியபடி மறுப்பதானால் எந்தப் பிரிவின் கீழ் என்று தெரிவிக்கக் கோருகிறேன்" என்று ஒரு குறிப்பு வைத்தாலே பாதி உத்தரவுகள் காற்றில் கரைந்துவிடும்.

வேலைநீக்க பயத்தை விட வேண்டாத இடமாறுதல் பயம்தான் நிஜம். அதற்கு இந்தச் சட்டத்தில் மருந்து இல்லை, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

பதில் 4 | மனுதாரர்பக்கம்

மறுபக்கத்திலிருந்து ஒன்று. யார் முட்டுக்கட்டை போட்டார் என்று தெரிய வேண்டுமானால், அதே அலுவலகத்துக்கு இன்னொரு மனு: "என் இன்ன தேதியிட்ட மனு எந்தெந்த மேசைக்கு எந்தத் தேதியில் போனது, அதன் குறிப்புப் பக்கங்களின் நகல்." அதை இணைத்து 90 நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீடு செய்தால், 5(5)-இல் உண்மையான ஆளைக் காட்டலாம்.

ஆணையத்திடம் பிரிவு 18 புகார் மட்டும் போட்டுவிட்டு உட்கார வேண்டாம். அதில் அபராதம் விதிக்கலாமே தவிர தகவலைத் தரச் சொல்ல முடியாது என்று 2011-இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தகவல் வேண்டுமென்றால் பிரிவு 19 மேல்முறையீடுதான்.

கோப்புக்கட்டு

முதல் மேல்முறையீட்டு அலுவலர் கடைசிவரை உத்தரவே போடாவிட்டால் அவருக்கு அபராதம் உண்டா?

ந.க.எண்

கிடையாது. 30 நாள், காரணம் எழுதினால் 45 நாள் என்று கெடு இருக்கிறது. ஆனால் பிரிவு 20 பொதுத் தகவல் அலுவலரை மட்டுமே தொடுகிறது. சட்டத்தின் பெரிய ஓட்டையே அதுதான்: அழுத்தம் கொடுக்கக்கூடியவருக்குத் தண்டனை இல்லை, அழுத்தத்துக்கு ஆளாகிறவருக்கு உண்டு. கெடு தாண்டியதும் மனுதாரர் நேராக ஆணையத்துக்குப் போகலாம். அங்கே முதலில் கேட்பது உங்கள் 5(4) கடிதத்தின் தேதியைத்தான்.