மிடி கோப்பை வேவ் ஆக்கினால் இரண்டு ட்ராக் கேட்கவில்லை, மிருதங்கமும் மாறிவிடுகிறது – உதவி தேவை

ஈசூன்_பாட்டுவகுப்பு:
வணக்கம். சமூக மன்றத்தில் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். ஏப்ரலில் தமிழ் மொழி விழாவில் பாடப்போகிறோம். எனக்கு முன் வகுப்பெடுத்தவர் தன் கீபோர்டில் வாசித்த பின்னணி இசையெல்லாம் மிடி கோப்புகளாக இருக்கின்றன. மண்டபத்தில் தம்ப் டிரைவில் எம்பி3 அல்லது வேவ் கொடுத்தால்தான் போடுவார்கள். மடிக்கணினியில் உபுண்டு இயங்குதளம் இருக்கிறது. டிமிடிட்டி என்ற மென்பொருளை நிறுவி வேவ் ஆக்கிப் பார்த்தேன்.

இரண்டு ட்ராக் சத்தமே இல்லை. அந்த வாத்தியம் கேட்காது என்று டெர்மினலில் ஒரு செய்தி வருகிறது. மிருதங்கம் வரவேண்டிய இடத்தில் மணி, தட்டு, டிரம் என்று ஏதேதோ. கமகங்களும் சப்பென்று இருக்கின்றன, வளைவே இல்லை. கோப்பு கெட்டுவிட்டதா? அவர் உழைப்பு வீணாகிவிடக் கூடாது.

ஜூரோங்_ஒலிப்பிரியன்:
டீச்சர், கோப்பு நன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மிடியில் ஒலி கிடையாது. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தம், எந்த எண்ணுள்ள வாத்தியம் என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். ஒலியை உங்கள் கணினியில் உள்ள மாதிரித் தொகுப்புதான் தரவேண்டும். டிமிடிட்டியோடு பெரும்பாலும் வரும் ஃப்ரீபேட்ஸ் தொகுப்பு முழுமையானது அல்ல. ஜெனரல் மிடி என்ற பொதுப் பட்டியலில் உள்ள 128 வாத்தியங்களில் சில அதில் இல்லை. இல்லாததை மென்பொருள் மௌனமாக விட்டுவிடும். அந்தச் செய்தி சொல்வது அதைத்தான்.

ஃப்ளூயிட் ஆர்3 ஜிஎம் என்ற சவுண்ட்ஃபாண்டை (வாத்திய ஒலி மாதிரிகளை அடக்கிய கோப்பு) உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே நிறுவலாம், இலவசம். டிமிடிட்டியின் கட்டமைப்புக் கோப்பில் ஃப்ரீபேட்ஸ் வரியை முடக்கிவிட்டு இதைக் காட்டுங்கள். என் யோசனை, டிமிடிட்டியைப் போலவே மிடியை ஒலியாக்கும் ஃப்ளூயிட்சிந்த்துக்கே மாறிவிடுங்கள். அதுவும் திறந்த மூலம்தான். சவுண்ட்ஃபாண்டுகளை அடுக்கிப் பயன்படுத்த அது வசதி, மிருதங்கத்துக்கு அது தேவைப்படும்.

சவுண்ட்ஃபாண்ட் நம் ஊரோடு சேர்ந்த சங்கதி என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே சிங்கப்பூரில் 1981இல் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1993இல் இ-மு நிறுவனத்தை வாங்கியது. அடுத்த ஆண்டு வந்த சவுண்ட் பிளாஸ்டர் ஏடபிள்யூஇ32 அட்டையோடு இந்த வடிவம் வீடுகளுக்குள் வந்தது. அதை இன்றும் உலகமெங்கும் இலவச மென்பொருள்கள் வாசிக்கின்றன என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

தெம்பனீஸ்_லயம்:
மிருதங்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன், அக்கா. ஜெனரல் மிடி பட்டியலில் சித்தார் இருக்கிறது, ஷெனாய் இருக்கிறது. மிருதங்கம், வீணை, நாகசுரம் மூன்றும் இல்லை. தாளத்துக்கென ஒதுக்கிய பத்தாவது சேனலில் வருவதெல்லாம் மேற்கத்திய டிரம் தொகுப்பாகவே ஒலிக்கும். 36 என்றால் பேஸ் டிரம், 38 என்றால் ஸ்னேர், 56 என்றால் கவ்பெல். முந்தைய ஆசிரியரின் கீபோர்டு அதே எண்களில் மிருதங்கச் சொற்களை வைத்திருக்கும்.

வழி இருக்கிறது. தெரிந்த மிருதங்க வித்வான் ஒருவரை தா, தி, தொம், நம் என்று சொற்களைத் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். மெதுவாக ஒன்று, ஓங்கி ஒன்று என்று இரண்டு அளவிலும் இருந்தால் உயிர் வரும். பாலிஃபோன் என்ற திறந்த மூல மென்பொருளில் அந்த வேவ் கோப்புகளை ஏற்றி, மிடியில் உள்ள அதே எண்களுக்கு ஒவ்வொன்றாக ஒதுக்குங்கள். பேங்க் எண் 128, பிரீசெட் 0 என்று கொடுத்தால் அது தாளவாத்திய இடத்தில் உட்காரும். ஃப்ளூயிட்சிந்த் கமாண்டில் முதலில் பெரிய சவுண்ட்ஃபாண்ட், அடுத்து மிருதங்கம், கடைசியில் மிடி கோப்பு. பின்னால் ஏற்றியதைத்தான் அது முதலில் தேடும். ஒரு எச்சரிக்கை: நீங்கள் ஒதுக்காத எண்கள் அந்தச் சேனலில் ஒலிக்காது. ஜால்ராவும் அதில் இருந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள்.

பிடோக்_வீணை:
கமகம் போனதற்குக் காரணம் பிட்ச் பெண்ட் எல்லை, அதாவது சுரத்தை எவ்வளவு வளைக்கலாம் என்ற அளவு. யாரும் சொல்லாவிட்டால் மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு என்று சவுண்ட்ஃபாண்ட் எடுத்துக்கொள்ளும். அவர் கீபோர்டில் 12 என்று வைத்து வாசித்திருந்தால் ஒவ்வொரு வளைவும் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அந்த எண் கீபோர்டின் நினைவகத்தில் நின்றுவிட்டது, கோப்புக்குள் வரவில்லை.

மிடியைத் திருத்தும் ரோஸ்கார்டன் மென்பொருளில் கோப்பைத் திறந்து, நிகழ்வுப் பட்டியலில், முதல் சுரத்துக்கு முன் மூன்று கண்ட்ரோலர்களை (எண்ணுள்ள அமைப்புக் கட்டளைகளை) சேர்க்கவேண்டும். எண் 101க்கு 0, பிறகு 100க்கு 0, பிறகு 6க்கு 12. வரிசை மாறக்கூடாது. ஒரே நேரப்புள்ளியில் வைத்தால் இடம் மாறலாம், சற்று இடைவிடுங்கள். கமகம் உள்ள ஒவ்வொரு சேனலுக்கும் இது வேண்டும். 12 சரியில்லை என்றால் 7, 5 என்று மாற்றிக் கேளுங்கள். காதுக்குத் தெரிந்துவிடும்.

ஈசூன்_பாட்டுவகுப்பு:
மௌனமாக இருந்த இரண்டு ட்ராக்கும் வந்துவிட்டன! ஒன்று புல்லாங்குழல், இவ்வளவு நாள் அது இருப்பதே தெரியாது. எல்லை 12தான், கமகம் அப்படியே நிற்கிறது. மிருதங்கத்துக்கு இந்த வார இறுதியில் ஒருவர் வந்து வாசித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இன்னும் இரண்டு. சத்தம் குறைவாக இருக்கிறதென்று ஃப்ளூயிட்சிந்தில் கெயினை (ஒலி அளவை) 2 ஆக்கினேன், இப்போது கரகரக்கிறது. அப்புறம், பாட்டு நாலு கட்டையில் இருக்கிறது. என் பிள்ளைகளுக்கு ஐந்து கட்டைதான் வசதி.

ஜூரோங்_ஒலிப்பிரியன்:
ஃப்ளூயிட்சிந்தின் இயல்பு கெயின் 0.2. பத்து மடங்கு ஏற்றினால் அலையின் உச்சி வெட்டுப்படும். 0.5இல் தொடங்கி, கரகரப்பு இல்லாத அளவில் நிறுத்துங்கள். மீதியை மண்டபத்து மிக்ஸர் பார்த்துக்கொள்ளும்.

பிடோக்_வீணை:
நாலு கட்டை எஃப், ஐந்து கட்டை ஜி, இரண்டு அரைச்சுரம் ஏற்றினால் போதும். டிமிடிட்டியில் பெரிய எழுத்து கே விருப்பத்தோடு 2 கொடுத்தாலே ஏறிவிடும். ஆனால் நீங்கள் ஃப்ளூயிட்சிந்த்துக்கு வந்துவிட்டதால் ரோஸ்கார்டனிலேயே ஏற்றிவிடுங்கள். பத்தாவது சேனலை மட்டும் தொடாதீர்கள், அங்கே எண் மாறினால் சொல்லே மாறிவிடும். வேவ் ஆன பிறகு சுருதியை ஏற்றினால் குழலின் குரல் கெடும், மிடியில் ஏற்றினால் அந்தப் பாதிப்பு மிகக் குறைவு.

தெம்பனீஸ்_லயம்:
அப்படியென்றால் மிருதங்கத்தையும் ஐந்து கட்டைக்குச் சுருதி சேர்த்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள், அக்கா. அவர் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டால் அதற்கேற்ற மிருதங்கத்தை எடுத்து வருவார்.