சைக்கிள் ஃபிரேமின் உள்துருவை நீக்க வழி கேட்கிறேன்

நண்பர்களுக்கு வணக்கம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கொக்கிரகுளத்து வீடொன்றில் மூழ்கிக் கிடந்த பழைய எஃகுச் சைக்கிளை வாங்கியிருக்கிறேன். வெளிப்பூச்சு நன்றாக இருந்தாலும், சீட் பில்லரை உருவிவிட்டுக் கவிழ்த்தபோது ஒரு கைப்பிடி துருத்தூள் கொட்டியது. குழாய்களில் இறங்கும் நீரெல்லாம் பெடல் அச்சு இருக்கும் கூட்டில்தான் தேங்கும் என்பதால், அச்சைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். திருப்புளியால் அழுத்தியும் எங்கும் குழி விழவில்லை. ஆகவே இந்த ஃபிரேமைக் காப்பாற்றிவிடலாம் என்றே நம்புகிறேன்.

துளைகளை அடைத்து ஆக்சாலிக் அமிலக் கரைசலை நிரப்புவதா, துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும் பாஸ்பாரிக் அமிலத்தை ஊற்றுவதா? எதுவாயினும் மூட்டு இடுக்குகளில் அமிலம் தங்கிவிடுமோ என்பதே என் பெரிய அச்சம். கழுவி உலர்த்தியபின் உள்ளே பூச ஆளிவிதை எண்ணெய் போதுமா? பாளையங்கோட்டைப் பக்கம் இதைச் செய்து பார்த்தவர்கள், ஐப்பசி மழைக்கு முன் வழிகாட்டினால் மிக்க நன்றியுடையவனாவேன்.