கொம்பரக்குத் தைலம் – எங்கெல்லாம் கெடுது?

கண்டனூர்:
பிள்ளைத் தேய்ப்புத் தைலம் காய்ச்சின உருளி ஒண்ணைப் பார்த்ததுலேருந்து மனசு ஆறல. கொம்பரக்கை, அதான் மரச்சுள்ளியில அரக்குப் பூச்சி கட்டுற பிசினை, இடிச்சு நேரா நல்லெண்ணெயில போட்டிருக்காக. கரண்டியைத் தூக்கினா உருளியும் சேர்ந்து வருது! அரக்கு எண்ணெயில கரையாதுங்க. சூட்டுல இளகி அடியில திரண்டு, ஆறினதும் கல்லாயிரும். மேல நிக்கிறது வெறும் நல்லெண்ணெய். நமக்கு வேண்டிய சிவப்புச் சாறு தண்ணியிலதான் இறங்கும்.

தேவகோட்டை:
அண்ணே, அது கொம்பரக்குதானா? வெறுமனே "அரக்கு"ன்னு கேட்டா முத்திரை அரக்குக் குச்சியைக் குடுத்துர்றாக. அதுல வேற பிசின், சுண்ணாம்புப் பொடி, சாயம் எல்லாம் கலந்திருக்கும். கொம்பரக்குக்குள்ள சுள்ளி இருக்கணும், இல்ல சுள்ளி இருந்த குழியாவது தெரியணும். உடைச்சா பூச்சி இருந்த சின்னச் சின்ன அறைங்க. துண்டு ஒண்ணை வெந்நீர்ல ஊறவச்சு சோடா உப்பு தூவினா ஊதா, எலுமிச்சை பிழிஞ்சா ஆரஞ்சு. அரக்கை அலசி உருக்கித் தகடு தகடா விக்கிற ஷெல்லாக் வேண்டாம், அலசும்போதே சாயம் போயிருக்கும்.

புதுவயல்:
சோடா உப்பு சோதனையோட நிக்கட்டும் தேவகோட்டை. சாறு இறங்க அதைப் போட்டா பிசினும் கரைஞ்சு கொழகொழத்துரும்.

சுள்ளி நீக்கி ஒண்ணுரெண்டா இடிச்ச அரக்கு 100 கிராம். தளர்வா துணியில முடிஞ்சு, 600 மில்லி தண்ணியில அடி தொடாம தொங்க விடுங்க. இறுக்கிக் கட்டினா உள்ள ஒட்டிக்கிட்டு நடுவுக்குத் தண்ணி போகாது. சிறுதீயில 150 மில்லியா வத்தணும். இரும்புச் சட்டின்னா சாறு கறுத்துரும், வெள்ளீயம் பூசின பித்தளைதான் சரி. பழைய ஆயுர்வேத ஆசிரியர் வாக்படர் கணக்குல எண்ணெயும் சாறும் சமம், தயிர்த்தெளிவு நாலு பங்கு. ஆக எண்ணெய் 150, தெளிவு 600. கற்கத்துக்கு, அதாவது எண்ணெயோட சேர்த்துக் காய்ச்ச அரைச்சுப் போடுற விழுதுக்கு, அமுக்கரா, மஞ்சள், தேவதாரு, கோஷ்டம், கோரைக்கிழங்கு, சந்தனம், கடுகுரோகிணி, சதகுப்பை, அதிமதுரம் வகையறா.

பதத்துலதான் பாதிப் பேர் விடுறாக. கற்கத்தை விரல்ல உருட்டினா திரியா நீளணும். தீயில காட்டினா சடசடக்கக் கூடாது. சடசடத்தா ஈரம் பாக்கி, தைலம் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும்.

கோட்டையூர்:
கண்டனூராரே, உருளியைச் சுரண்டச் சொல்லாதீங்க, வெள்ளீயப் பூச்சு போயிரும். சலவைச் சோடா போட்ட வெந்நீரை ஊத்தி ஊறவிட்டா அரக்கு கழண்டு வரும்.

எல்லாரும் தைலத்துலயே நிக்கிறீங்க. எலும்பு முறிவுக்கு லாட்சா குக்குலுன்னு அரக்கு சேர்ந்த ஆயுர்வேத மாத்திரை இருக்கே? அரக்கு, பிரண்டை, மருதம்பட்டை, அமுக்கரா, நாகபலா, குக்குலு. ஆனா எலும்பை நேராக்கிக் கட்டின பிறகுதான் அதுக்கு வேலை. கோணலா இருக்கும்போதே மாத்திரையை முழுங்கினா கோணலாவே கூடிரும். ரத்தம் கக்குறவுகளுக்கும் அரக்கு கேக்கும்னு வீட்டுலயே கஷாயம் வைக்கிறாகளே, அதை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க. ரத்தம் எங்கேருந்து வருதுன்னு வைத்தியர் பார்க்கட்டும்.