புதுப்பிப்பு: களிமண் கொல்லையில் கஞ்சாச் செடி

கனடாவின் ஸ்கார்பரோவில் எங்கள் கொல்லைக் களிமண்ணில் கஞ்சாச் செடி பெரிதாக வளருமா என்று வசந்தத்தில் உங்களிடம் இங்கே கேட்டிருந்தேன் (ஒன்டாரியோவில் 2018 முதல் வீட்டுக்கு 4 செடிகள் வரை சட்டப்படி வளர்க்கலாம்). வளர்ந்துவிட்டது, வேலியைத் தாண்டி. நீங்கள் சொன்னபடியே குழியை ஆழத்தைவிட அகலமாக வெட்டி, மக்கிய எருவும் இலைமக்கும் கலந்து, மேலே வைக்கோல் பரப்பினேன். இப்போது வைக்கோலை விலக்கினால் மண் புட்டு மாதிரி உதிர்கிறது, மண்புழுக்கள் நெளிகின்றன. உரத்தைவிட இந்த மண்தான் செடியைத் தூக்கிவிட்டது என்பேன். ஆகஸ்டில் பகல் குறையக் குறையப் பூ வந்தது, அப்புறம் தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தைக் குறைத்துவிட்டேன். இனிப் பயம் செப்டம்பர் மழைதான்: தடித்த பூவுக்குள் சாம்பல் பூஞ்சை பிடித்துவிடும், அதனால் உள்பக்க இலைகளைக் கிள்ளிக் காற்றுக்கு வழிவிட்டிருக்கிறேன்.