வெடித்த கொம்பியூட்டரில் ஏதாவது தேறுமா?

மூன்றாம் மாடி, வெள்ளவத்தை:
நியூ ஜெர்சியில் இருக்கும் மாமா, தான் பாவித்த டெஸ்க்டொப்பைப் பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தார். போன வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. அமெரிக்க வயரின் தட்டைப் பின் எங்கள் வீட்டுச் சொக்கற் ஒன்றிலும் போகவில்லை. ஆனால் ரைஸ் குக்கர் வயர் கொம்பியூட்டரின் பின்பக்கம் கச்சிதமாகப் பொருந்தியது. அதைக் கண்டுபிடித்த பெருமை அப்பாவுக்குத் தாங்கவில்லை. கேசிங்குக்குத் திருநீறு, சந்தனப் பொட்டு. மாடிச் சனம் முழுக்க எங்கள் ஹோலுக்குள். எதிர்வீட்டு அன்ரி போனில் வீடியோ எடுக்கிறார்.

சுவரில் சுவிட்சைப் போட்டதுதான், படார்! பின்பக்கத்தால் புகை, ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடே இருட்டு. அப்புறம் ஒரு மணம் வந்தது பாருங்கள், கருவாடு பொரித்த மாதிரி. வெள்ளிக்கிழமை மச்சம் சமைக்காத வீடு எங்களுடையது. அம்மம்மா இன்னும் அப்பாவோடு கதைக்கவில்லை. வீடியோ மாமா வரைக்கும் போய்விட்டது.

திருநீறு உள்ளே கொட்டுப்பட்டதுதான் காரணம் என்கிறார் அப்பா. ஹார்ட் டிஸ்க்கில் மாமாவின் கல்யாணப் படங்கள் இருக்கின்றன. அது தப்பியிருக்குமா?

பம்பலப்பிட்டி ரிப்பேர்காரன்:
தங்கச்சி, திருநீறு பாவம், அதை விடுங்கள். பவர் சப்ளையில், அதாவது கொம்பியூட்டருக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பெட்டியில், வயர் குத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் சின்னச் சிவப்பு சுவிட்ச் இருக்கிறதா? அதில் 115 என்று தெரிந்தால் விஷயம் அதுதான். அமெரிக்காவில் 120 வோல்ட், எங்களுக்கு 230. 115இல் விட்டால் உள்ளே வருவதை அது இரட்டிப்பாக்கும். இங்கத்தைய கரண்ட் உள்ளே டீசீ (ஒரே திசையில் ஓடுகிற கரண்ட்) ஆகும்போதே 325 வோல்ட் வரும், இரட்டித்தால் 650. உள்ளே கரண்டைச் சேர்த்து வைத்திருக்கும் இரண்டு பெரிய கப்பாசிட்டரும் வழக்கமாக ஒவ்வொன்றும் 200 வோல்ட் தாங்குகிறவை. பிறகு வெடிக்காமல் என்ன செய்யும்? அந்தக் கருவாட்டு மணமும் கப்பாசிட்டருக்குள் இருக்கிற திரவத்தால் வருவதுதான்.

மாமாவின் படங்களுக்கு அநேகமாக ஒன்றும் ஆகியிராது. டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் கொடுக்கிற பகுதி, பவர் சப்ளைக்குள் வோல்ட்டைக் குறைக்கிற ட்ரான்ஸ்போமருக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறது. அடி இந்தப் பக்கத்தோடு நின்று ஃபியூஸ் போயிருக்கும். டிஸ்க்கைக் கழற்றி முதலில் வேறு கொம்பியூட்டரில் போட்டுப் பாருங்கள். பவர் சப்ளையை மட்டும் திறக்க வேண்டாம், அப்பாவையும் திறக்க விடாதீர்கள். பிளக்கைக் கழற்றின பிறகும் உள்ளே அடிக்கிற அளவுக்குக் கரண்ட் தங்கியிருக்கலாம்.

தெஹிவளைப் பெடியன்:
அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் தனியாள் இல்லை. எங்கள் ஒஃபிஸில் ஒருவன் புதுக் கிராஃபிக்ஸ் கார்ட் போட்டுவிட்டு, மொனிட்டர் வயரை அந்தக் கார்ட்டில் குத்தாமல் பழையபடி மதர்போர்ட்டிலேயே குத்திவைத்து, “கார்ட் பழுது” என்று கடைக்காரனோடு போனில் ஒரு பாட்டம் சண்டை. தேத்தண்ணி கொண்டுவந்த அண்ணைதான், “தம்பி, கீழே இன்னொரு ஓட்டை சும்மா இருக்கே” என்றார்.

எதற்கும் 230 வோல்ட்டை 120 ஆக்குகிற ஒரு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வாங்கிவிடுங்கள்.

பம்பலப்பிட்டி ரிப்பேர்காரன்:
கொம்பியூட்டருக்கு அது வீண்செலவு. இப்போது வருகிற பவர் சப்ளை பெரும்பாலும் 100 முதல் 240 வரை தானாகவே எடுக்கும், சிவப்பு சுவிட்சே இருக்காது. லேபிளைப் பார்த்து வாங்கினால் போதும்.

மூன்றாம் மாடி, வெள்ளவத்தை:
அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே சுவிட்ச் 115இல்தான் இருந்தது. டிஸ்க்கை எதிர்வீட்டுக் கொம்பியூட்டரில் போட்டோம், படங்கள் எல்லாம் இருக்கின்றன. புதுப் பவர் சப்ளையும் போட்டாயிற்று, ஓடுகிறது. இப்போது அப்பா மாமாவின் லேசர் பிறிண்டரைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார். அதே ரைஸ் குக்கர் வயரோடு நிற்கிறார்.

பம்பலப்பிட்டி ரிப்பேர்காரன்:
ஐயோ, பொறுக்கச் சொல்லுங்கள்! பின்னால் லேபிளில் 120 வோல்ட் மட்டும் போட்டிருந்தால் தொடவே வேண்டாம். தாளைச் சூடாக்குகிற பகுதி அந்த வோல்ட்டுக்கென்றே செய்தது. தெஹிவளைத் தம்பியின் ட்ரான்ஸ்போமர் உதவுவதென்றால் அதற்குத்தான். ஆனால் லேசர் பிறிண்டர் இழுக்கிற கரண்டுக்கு அது பெரிசாக வேண்டும், அந்தக் காசுக்கு இங்கேயே ஒரு பிறிண்டர் பார்க்கலாம்.