பொலீரோவில் 50 வாட் ரிக்: பிடிடி அழுத்தினால் அணைந்துவிடுகிறது, ஒயரை எங்கிருந்து எடுப்பது?

மலையோரம்:
எல்லோருக்கும் வணக்கம். ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசன்ஸ் கைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது, இதுவரை கையில் பிடிக்கும் சின்ன செட்டில்தான் பேசிக்கொண்டிருந்தேன். தேனிப் பக்கம் மலை மறைத்துவிடும் இடங்களில் அது, நம் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கொடைக்கானல் ரிப்பீட்டரைத் தொடவே மாட்டேன் என்கிறது. அதனால் 2 மீட்டர் அலைவரிசைக்கான மொபைல் ரிக் (வண்டியில் வைக்கும் ரேடியோ செட்) ஒன்றை, 50 வாட், செகண்ட் ஹேண்டில் வாங்கி என் 2014 பொலீரோவில் வைத்தேன். முன்பு வைத்திருந்தவர் ஒரிஜினல் பவர் கார்டைப் பாதியில் வெட்டி, நுனியில் சிகரெட் லைட்டர் பிளக்கை மாட்டியிருந்தார். நானும் அப்படியே சொருகிவிட்டேன்.

கேட்பதற்கு ஒரு குறையும் இல்லை. 5 வாட்டில் வைத்தால் பேசவும் முடிகிறது. 50-க்கு ஏற்றி, பேசுவதற்கான பிடிடி பட்டனை அழுத்தினால் டிஸ்ப்ளே மங்கி, இரண்டு நொடியில் ரிக் தானாக அணைந்து மறுபடி எரிகிறது. நேற்று விடாமல் நாலைந்து முறை அழுத்திப் பார்த்துவிட்டுப் பிளக்கை உருவினால் கை வைக்க முடியாத சூடு, நுனி பிளாஸ்டிக் லேசாக இளகியிருந்தது. வீட்டில் வாசனை பிடித்து "வண்டியில் என்ன கருகுது"ன்னு கேள்வி வேறு.

பேட்டரியிலிருந்து நேராக எடுக்க வேண்டும் என்று புரிகிறது. எத்தனை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர், ஃபியூஸ் எங்கே, நெகடிவை டேஷ்போர்டுக்கு அடியில் ஏதாவது ஒரு போல்ட்டில் கொடுத்தால் போதுமா? ஆன்டெனா கூரைமேல் மேக்னட் மவுன்ட்.

பேட்டரிக்கடை:
தம்பி, முதலில் அந்தப் பிளக்கைக் கழற்றித் தூரப் போடுங்கள். 50 வாட் ரிக் பேசும்போது 10 ஆம்பியர் பக்கம் இழுக்கும். லைட்டர் சாக்கெட்டில் பாசிடிவைத் தொடுவது ஒரு ஸ்பிரிங் நுனி, நெகடிவைத் தொடுவது பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு தகடு. போன் சார்ஜருக்கு அது போதும். அதற்குப் பின்னால் கம்பெனி விட்டிருக்கும் ஒயரும் மெல்லிசுதான்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 1.5 ஸ்கொயர் செம்பு ஒயர் ஒரு மீட்டருக்கு 12 மில்லிஓம் சொச்சம். போக நாலு, வர நாலு என எட்டு மீட்டர் என்றால் 10 ஆம்பியரில் கிட்டத்தட்ட 1 வோல்ட் ஒயரிலேயே காணாமல் போய்விடும். அதே தூரத்துக்கு 4 ஸ்கொயர் போட்டால் 0.4 வோல்ட்கூட வராது. 4 ஸ்கொயரே வாங்குங்கள், மல்டி ஸ்ட்ராண்ட், செம்பு பூசிய அலுமினியம் வேண்டாம். கடையில் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஃபியூஸ் பேட்டரி பாசிடிவிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். நிறையப் பேர் மாற்றுவதற்கு வசதி என்று ரிக் பக்கத்தில் போடுகிறார்கள். அப்படிப் போட்டால், நடுவில் தகடு கிழித்து ஒயர் பாடியில் பட்டுவிட்டது என்றால் ஃபியூஸுக்குத் தெரியவே தெரியாது, பேட்டரி முழுசும் அந்த ஒயரில்தான் இறங்கும். இன்ஜின் ரூமிலிருந்து கேபினுக்குள் நுழையும் ஓட்டையில் ரப்பர் கிராமெட் (ஒயரைத் தகடு கிழிக்காமல் காக்கும் வளையம்) கட்டாயம். புதிதாக ஓட்டை போடவும் தேவையில்லை, கம்பெனி ஹார்னஸ் (ஒயர் கட்டு) வரும் பெரிய கிராமெட்டில் ஓரமாக ஒரு கீறல் போட்டு நுழைத்துக்கொள்ளலாம். வேலை தொடங்கும் முன் நெகடிவ் டெர்மினலை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியாக மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஸ்பேனர் பாசிடிவிலிருந்து பாடிக்குப் பாலம் போட்டு வேட்டு வெடிக்கும்.

நெகடிவையும் பேட்டரியிலேயே கொடுங்கள். நான் எல்லா வண்டிக்கும் அப்படித்தான் செய்கிறேன். டேஷ்போர்டு போல்ட் வேண்டாம்.

பழைய_வால்வு:
பேட்டரிக்கடை சொன்னதில் கடைசி வரியைத் தவிர எல்லாம் சரி. நெகடிவில் நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன், சூடு பட்டுத்தான் மாறினேன்.

ரிக்கின் நெகடிவும் அதன் உலோக உடம்பும் ஒன்று. ரிக்கை பிராக்கெட் வைத்து டேஷ்போர்டு இரும்பில் முறுக்கிவிட்டால் அது வண்டி பாடியோடும் ஒன்று. சரி, பேட்டரி நெகடிவிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் தடித்த எர்த் ஒயர் துருப்பிடித்தோ லூசாகியோ விட்டுப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கில் ஆம்பியர் கேட்கும். பழைய வழி அடைபட்டதால் கரன்ட் வேறு வழி தேடும். இன்ஜின், பாடி, பிராக்கெட், ரிக்கின் உடம்பு, அங்கிருந்து நீங்கள் ஆசையாக இழுத்த நெகடிவ் ஒயர், பேட்டரி. என் பழைய ஜீப்பில் இதுதான் நடந்தது. செல்ஃப் "டக்" என்று ஒரு சத்தம் போட்டு நின்றது, ரேடியோ ஒயரின் கறுப்புத் தோல் முழுநீளமும் கொப்பளித்துவிட்டது. ரேடியோ அப்போது ஆஃபில் இருந்தது என்பதுதான் வேடிக்கை.

இதற்காகத்தான் கம்பெனி பவர் கார்டில் இரண்டு ஒயரிலும் ஃபியூஸ் வைத்து அனுப்புகிறார்கள். இரண்டும் பேட்டரிக்கே போகும் என்று நினைத்துச் செய்தது அது. ஆனால் நெகடிவ் ஃபியூஸிலும் ஒரு வில்லங்கம் உண்டு. அது போய்விட்டாலும் ரிக் பிராக்கெட் வழியாக எர்த் எடுத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும், உங்களுக்குச் சந்தேகமே வராது.

என் வழி இது: நெகடிவை முழுநீளமும் இழுத்து இன்ஜின் ரூம் வரை கொண்டுவந்து, பேட்டரியின் எர்த் ஒயர் பாடியில் முறுக்கியிருக்கும் அதே இடத்தில் கொடுத்துவிடுங்கள். செல்ஃப் கரன்ட் இந்தப் பக்கம் வர வேலையே இல்லை. பொலீரோவில் பாடி தனி, சேஸ் தனி, நடுவில் ரப்பர் புஷ். அதனால் சேஸில் கண்ட இடத்தில் எர்த் எடுக்காதீர்கள்.

இன்னொன்று. புது வண்டிகளில் நெகடிவ் டெர்மினல்மேலேயே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருக்கும். பேட்டரிக்குள் போகிற, வருகிற கரன்டை அளக்கும் சென்சார் அது. நேராக டெர்மினலில் மாட்டினால் ரேடியோ இழுக்கும் கரன்ட் அதன் கணக்கில் வராது, சார்ஜிங் குழம்பும். அந்த மாதிரி வண்டியில் பாடி எர்த் தவிர வேறு பேச்சே இல்லை.

பேட்டரிக்கடை:
அண்ணே, இருபது வருஷத்தில் எனக்கு அப்படிக் கொப்பளித்து வந்ததில்லை, ஆனால் நீங்கள் சொல்கிற வழி புரிகிறது. சென்சார் விஷயம் நியாயம், ஒத்துக்கொள்கிறேன். பாடியில் கொடுப்பதென்றால் பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிய வேண்டும், பல் வாஷர் வைத்து முறுக்கி மேலே வாஸலின் தடவ வேண்டும். இதைச் சோம்பல்பட்டு விட்டுவிட்டு டைனமோ இரைச்சல் வருகிறது என்று என் கடைக்கு வருபவர்கள்தான் அதிகம்.

லாரிசெட்டு:
நடுவில் ஒரு சந்தேகம். நம்ம லாரி 24 வோல்ட், இரண்டு பேட்டரி. கீழ் பேட்டரியில் மட்டும் 12 எடுத்து ரேடியோவுக்குக் கொடுத்தால் என்ன?

பேட்டரிக்கடை:
வேண்டாம். ஒன்று எப்போதும் குறைவாகவும் மற்றது அதிகமாகவும் சார்ஜ் ஆகி இரண்டும் சீக்கிரம் போய்விடும். 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர், 20 ஆம்பியர் தாங்குவதாக வாங்குங்கள்.

மலையோரம்:
இவ்வளவு எழுதியதற்கு நன்றி. ஒயர் மாற்றும் முன் ஆசைக்கு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.0. ரிக்கின் சாக்கெட்டில் கேட்கும்போது 13.8, பிடிடி அழுத்தியதும் 11.2! கையேட்டில் 13.8-க்கு 15 சதவீதம் கூடக் குறைய என்று போட்டிருக்கிறது, அதாவது 11.7-க்குக் கீழே அது ஓட வேண்டிய அவசியமே இல்லை. இதைக் கண்ட பிறகு ரிக்கைத் திட்டியதற்கு வருத்தப்பட்டேன்.

அப்புறம் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகடிவிலும் மறுமுனையை ரிக்கின் நெகடிவிலும் வைத்து அழுத்தினால் 0.9 வோல்ட். எர்த் பக்கம் மட்டுமே இவ்வளவு! இந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியே இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை. 4 ஸ்கொயர், பாசிடிவில் 20 ஆம்பியர் ஃபியூஸ், நெகடிவ் வால்வு அண்ணன் சொன்ன பாடி போல்ட்டில். அந்தப் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் கம்பெனி எர்த் லக்குக்கு அடியிலேயே பச்சையாகப் பூத்திருந்தது, அதையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டேன். இப்போது பேட்டரியில் 14.1, பிடிடி அழுத்தினால் ரிக்கில் 13.7. போடி பக்கத்திலிருந்து முழு சிக்னல் என்று ரிப்போர்ட் வந்தது.

இரண்டு கேள்வி பாக்கி. இக்னிஷன் ஆஃப் செய்தாலும் ரிக் ஓடுகிறது, பரவாயில்லையா? இன்னொன்று, இப்போது கேட்கும்போது "ஸ்ஸ்" என்று ஒரு இரைச்சல், முன்பு இல்லாதது. ரிக்கின் சிக்னல் மீட்டரில் மூன்று நாலு கோடு ஏறி நிற்கிறது.

பழைய_வால்வு:
முதல் கேள்வி. சும்மா கேட்டுக்கொண்டிருந்தாலே அரை ஆம்பியர் போகும், ஒரு ராத்திரிக்கு 5 ஆம்பியர் ஹவர். ஒரு நாள் மறந்தால் தெரியாது, மூன்று நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சாவி ஆனில் இருந்தால் மட்டும் ரிக்குக்குக் கரன்ட் விடும் ஒரு 30 ஆம்பியர் ரிலே வைத்துவிடுங்கள். அதுவரை ரிக்கின் மெனுவில் தானாக அணையும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளலாம். ரிலே வைத்தாலும், சாவி திருப்பும்போது ரிக்கை ஆஃபில் வைப்பது என் பழக்கம். அந்த நேரத்தில் வோல்டேஜ் 9, 10 வரை விழுந்து எழும்.

இரைச்சல்: ஆக்ஸிலேட்டர் மிதித்தால் சுருதி ஏறுகிறதா? ஏறினால் டைனமோ. டீசல் வண்டி, ஸ்பார்க் பிளக் கிடையாது, அதனால் அந்தச் சந்தேகம் இல்லை.

மலையோரம்:
ஏறவில்லை அண்ணா. ஒரே மாதிரிதான். இன்ஜினை அணைத்துவிட்டுச் சாவியை ஆனில் வைத்தாலும் அப்படியே இருக்கிறது.

பேட்டரிக்கடை:
லைட்டர் சாக்கெட் இப்போது காலியாக இருக்குமே, அதில் என்ன சொருகியிருக்கிறீர்கள்?

மலையோரம்:
போன் சார்ஜர். பஸ் ஸ்டாண்டில் 120 ரூபாய்க்கு வாங்கியது. இப்போதுதான் உருவிப் பார்த்தேன், கோடு அத்தனையும் இறங்கிவிட்டது.