இங்கிலீஷில் சின்ஸா (since) ஃபாரா (for), யாராவது விளக்குங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் 3 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன், அடுத்த வாரம் ஓசூரில் இன்டர்வியூ இருக்கிறது. போன தடவை வேறொரு இடத்தில் 'ஐ ஆம் ஒர்க்கிங் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்றேன், எதிரில் இருந்தவர் நிறுத்தித் திருத்தினார், அதற்கப்புறம் எனக்குப் பேச்சே வரவில்லை.

யோசித்ததில் பாதி புரிந்தது. தொடங்கிய நேரத்தைச் சொன்னால் சின்ஸ், எவ்வளவு காலம் என்றால் ஃபார்; 'ஆம் ஒர்க்கிங்' இல்லை, 'ஹேவ் பீன் ஒர்க்கிங் ஃபார் த்ரீ இயர்ஸ்'. தமிழில் 'வேலை செய்கிறேன்' என்று நிகழ்காலத்திலேயே முடிக்கிறோம், அதை அப்படியே கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

இன்னும் மாட்டிக்கொள்வது இதில்தான்: 'பார்த்திருக்கிறேன்' என்பதற்கு 'ஐ ஹேவ் சீன்', ஆனால் எஸ்டர்டே சேர்த்தால் 'ஐ சா' மட்டும்தான் சரி என்கிறார்கள். அப்படியானால் டுடே, திஸ் வீக் வந்தால் எதைச் சொல்வது? இங்கிலீஷ் சொல்லித்தருகிறவர்கள் நாலு எடுத்துக்காட்டோடு விளக்கினால் பெரிய உதவி. கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ பேசிப் பழக ஆள் இருந்தாலும் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்துவிடுவேன்.